திரைக்குப் பின்னால் ஸ்டேஷன் குரல்

மார்ச் 3

வீட்டு எஜமானியின் கனிவான கவனத்திற்கு,

இனிமேல் போன் வேண்டாம், எழுதுங்கள் என்று போன தடவை வந்தபோது கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாய். எழுதுகிறேன். ரயில்வே ஸ்டேஷனில் காலமெல்லாம் மைக் பிடித்தவனுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. மூன்று தாள்களைக் கிழித்தாயிற்று.

விஷயம் ஒன்றுதான். நீ வேலையை விட்டுவிடு.

நான் ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. காலையில் பேப்பர் படிக்கிறேன். விளம்பரங்களையும் விடுவதில்லை. டிராக்டர் விற்பனைக்கு என்றால் அதன் டயர் புதிதா என்றுகூட எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கஷ்டம். ஸ்டேஷனில் வண்டி தாமதமானால் காரணம் சொல்வோம். இங்கே சாயங்காலம் வரத் தாமதமாகிறது, காரணம் சொல்ல ஆளில்லை. உனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

மறுபடியும் அறிவிக்கிறேன். நீ வேலையை விட்டுவிடு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 10

அறிவிப்பாளர் ஐயாவுக்கு,

எதற்காகப் போன் வேண்டாம் என்றேன் என்பது இந்தக் கடிதத்தைப் படித்தாலே விளங்குகிறது. போனை எடுத்தால் சேதியைச் சொல்கிறீர்கள். அதையே இன்னொரு தடவை சொல்கிறீர்கள். நான் "அப்படியா"ன்னு கேட்க வாயெடுப்பதற்குள் டொக். மைக்கிலேயே பேசிப் பேசி, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும் என்பதே உங்களுக்கு மறந்துவிட்டது. கடிதமென்றால் எனக்கும் ஒரு முறை வரும், அதற்காகத்தான்.

போன தடவை கிளம்பும்போது கேட்டதையே திரும்பவும் கேட்கிறேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? கண் பரிசோதனைக்குப் போனீர்களா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா?

வேலையை விடுவது பற்றி: நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தது தலைமை நர்ஸாக. குறைமாதக் குழந்தைகள் வார்டு என் பொறுப்பில் இருக்கிறது. நீங்களும் இங்கே வாருங்கள், ஒரு வீடு பார்க்கலாம் என்றேன். "சொந்த வீட்டைப் பூட்டிட்டு வாடகைக்குப் போறதா"ன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இப்போது நான் நர்ஸுகள் குடியிருப்பில், நீங்கள் அங்கே. கொஞ்சம் பொறுங்கள். பொழுது போக ஏதாவது தேடுங்கள். உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் ஓய்வு பெற்றவரா?

இப்படிக்கு,
உங்கள் எதிர்ப்பக்கம்


மார்ச் 22

எதிர்ப்பக்கத்துக்கு,

தேடினேன். அறிக்கை வருமாறு.

நடைப்பயிற்சிக் குழு. பூங்காவில் காலையில் எட்டுப் பேர் நடக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் சர்க்கரை. யாருக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. எனக்குச் சர்க்கரை இல்லை என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் விலகிக்கொண்டேன்.

ஓவிய வகுப்பு. ஒரு ஜாடியை வரையச் சொன்னார்கள். ஆசிரியை வந்து பார்த்துவிட்டு "யானை நல்லா வந்திருக்கு" என்றாள்.

தோட்டக்கலை. நீ கேட்ட செடி. ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறதே, அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், உரம் போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவும் வைத்தேன். ஒரு இலை கூட விடவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்து தொட்டுப் பார்த்து, "சார், இது பிளாஸ்டிக்"ன்னாங்க. அதை நீ முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும்.

ஆக, தேடியாயிற்று, கிடைக்கவில்லை. நீ வேலையை விட்டுவிடு. மறுபடியும் அறிவிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 2

நான் கேட்டது பால்கனிச் செடியை. அது இந்நேரம் காய்ந்து சருகாகியிருக்கும். குழாய் பற்றி எழுதவில்லை. கண் பற்றி எழுதவில்லை. என்னைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இன்னொரு குழந்தைகள் வார்டு திறக்கப் போகிறார்கள். அதை நானே நின்று உருவாக்க வேண்டும், ஆட்களை நானே பழக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டார். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இதில் ஆசை இருக்கிறது. ஆசை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இங்கே ஒரு குழந்தை வந்திருக்கிறது. அதற்கு நாங்கள் சுண்டைக்காய் என்று பேர் வைத்திருக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட்டை வழியாக விரலை நீட்டினால் பிடித்துக்கொள்கிறது. பிடி மட்டும் போலீஸ்காரர் பிடி.

தனியாக இருக்கவே முடியவில்லை என்று நீங்கள் உண்மையாகச் சொன்னால் நான் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்களைத் தவிக்கவிட்டு எனக்கு ஒரு வார்டு வேண்டாம். ஆனால் பொழுது போகவில்லை என்பதற்காக என் பொழுதைக் கேட்காதீர்கள்.


ஏப்ரல் 19

சிஸ்டர் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் பதில் எழுத ஓடவில்லை. அதற்குள் ஒரு விபத்து நடந்துவிட்டது. பயப்படாதே, அடி எனக்கில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலைக்குப் போனேன். வழக்கம்போல டிராக்டர் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கூடத்திலிருந்து "திருடன்! திருடன்!"ன்னு ஒரு கத்தல். குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கறுப்புக் குல்லாய் போட்ட ஒருவன் ஜன்னலில் ஏறிக்கொண்டிருந்தான். காலரைப் பிடித்து இழுத்து, முதுகில் இரண்டு வைத்தேன்.

"ஐயோ விடுங்க சார், நான் பல் டாக்டர்!"

"எந்தத் திருடன்டா தன்னைத் திருடன்னு சொல்வான்?"

பக்கத்தில் ஒரு அம்மா வாய் நிறைய குண்டூசிகளை வைத்துக்கொண்டு "ம்ம்! ம்ம்!" என்று கையை ஆட்டினார். ஊசிகளை எடுத்த பிறகுதான் விளங்கியது. அது நாடக ஒத்திகை. அந்த அம்மா தையல்காரர். நாடகம் எழுதியதும், நடத்துவதும், துணி தைப்பதும் அவர்தான். திருடனாக நடிப்பவர் நிஜமாகவே பல் டாக்டர். திருடன் புகும் வீட்டுக்குச் சொந்தக்காரராக பேக்கரிக்காரர். இவர்கள் எல்லோரும் வேலை முடிந்து, புதனும் சனியும், சும்மா தங்கள் சந்தோஷத்துக்காக இதைச் செய்கிறார்கள். யாருக்கும் ஒரு லாபமுமில்லை. முகத்தில் என்ன களை தெரியுமா!

கதை இதுதான். திருட வந்தவனைப் பிடித்துவிடுகிறார் வீட்டுக்காரர். ஆனால் போலீஸைக் கூப்பிடவில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனுஷன், அவனை உட்கார வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். விட்டால் போதும் என்று திருடன் கெஞ்சுகிறான். நல்ல கதை. இதை எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை.

"இப்படி ஒரு குரலா! எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க ஆளில்லை, வாங்க சார்"ன்னு தையல்கார அம்மா கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, யாராவது வசனத்தை மறந்தால் அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று ஒத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வாசகர்களைச் சும்மா உட்கார வைத்து ஒரு வெள்ளோட்டம். டாக்டர் பாதியில் மறந்து நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். "என்னை விட்டுவிடுங்கள் ஐயா." என்னையறியாமல் இன்னொரு தடவை. "என்னை விட்டுவிடுங்கள் ஐயா." கடைசியில் "நன்றி"யும் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பழக்கதோஷம், வண்டி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் சிரித்துச் சிரித்து ஒட்டுமீசை கீழே விழுந்துவிட்டது. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கு மெல்லப் பேசத் தெரியாது. யோசித்தால், நான் வாழ்நாளில் மெல்லப் பேசியதே இல்லை.

உன் வார்டில் எல்லோரும் குழந்தைகள் விழித்துக்கொள்ளாமல் பேசுவீர்களே, எப்படிப் பேசுகிறீர்கள்?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 28

குடை வீரருக்கு,

உங்கள் கடிதத்தை ஓய்வறையில் படித்தேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தனியாகச் சிரிப்பவளைப் பார்த்து ஆயா பயந்துவிட்டாள்.

அந்த வீட்டுக்காரர் பாத்திரம் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லையாக்கும்! முகம் பார்க்கும் கண்ணாடி வீட்டில்தானே இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? "என் சட்டை எங்கே"யைத் தவிர்த்தால், கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதனால் நன்றாகவே பதில் சொல்கிறேன்.

எல்லோரும் செய்கிற தப்பு, ரகசியம் பேசுகிற மாதிரி காற்றாகப் பேசுவது. "உஸ் உஸ்" என்ற அந்தக் காற்றுதான் குழந்தையைத் திடுக்கிட வைக்கும், அறை முழுக்கப் போகும். குரல் இருக்க வேண்டும், ஆனால் நெஞ்சுக்கு இறங்கியிருக்க வேண்டும். முதலில் மூச்சில் பாதியை வெளியே விட்டுவிடுங்கள். மிச்சத்தில் பேசுங்கள். வாக்கியம் முழுக்க வேண்டாம். முதல் வார்த்தை போதும். தேவையானவருக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். முக்கியமாக, எதிராளி கேட்டாரா என்று முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் இரண்டாம் தடவை சொல்லத் தேவையிருக்காது.

புதிதாக வரும் நர்ஸுப் பெண்களுக்கு இதைக் கற்றுத்தர இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சுண்டைக்காய் பால் குடிக்கிறது. சொட்டு சொட்டாக. நம் சமையலறைக் குழாய் மாதிரி.


மே 15

என் வாத்தியாரம்மாவுக்கு,

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். பாதி மூச்சை விட்டுவிட்டு மிச்சத்தில் பேசுவது எனக்குப் பாதி உயிர் போகிற மாதிரி இருந்தது. இப்போது வருகிறது. போன சனிக்கிழமை டாக்டருக்கு எட்டு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். எதிரில் நின்ற பேக்கரிக்காரருக்கே கேட்கவில்லை. தையல்கார அம்மா ஊசிகளை எடுத்துவிட்டு "சபாஷ் சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் இந்த வேலையில் வாய்க்கு வேலை கொஞ்சம்தான். மீதி எல்லாம் காதுக்கு. டாக்டர் பேச்சை நிறுத்தினால் அது மறதியா, நடிப்பா என்று தெரிய வேண்டும். மறதி என்றால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். நடிப்பென்றால் இழுக்க மாட்டார். பேக்கரிக்காரர் மறந்தால் மீசையைத் தொடுவார். இரண்டு மணி நேரம் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். நானா! நீ நம்ப மாட்டாய்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். நீ எத்தனையோ இடத்தில் நிறுத்தி நின்றிருக்கிறாய். நான் எடுத்துக் கொடுக்கவே இல்லை.

குழாய்க்கு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன், வாஷர் போயிருந்தது, மாற்றியாயிற்று. இப்போது வீட்டில் சொட்டுச் சத்தம் இல்லை. கண்ணுக்குப் போனேன், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். பால்கனிச் செடி காய்ந்துதான் கிடந்தது. விடாமல் ஊற்றியதில் அடியில் இரண்டு துளிர் விட்டிருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டேன், நிஜம்தான்.

சுண்டைக்காய் எவ்வளவு எடை ஏறியது? புது வார்டில் எத்தனை பெட்டிகள் வைக்கலாம் என்று நினைக்கிறாய்? பெரிய டாக்டர் நீ சொல்வதைக் கேட்கிறாரா, அல்லது அவரும் என் ஜாதியா?

நாடகம் ஜூன் பதினைந்து, சனிக்கிழமை. நீ வந்தால் நன்றாக இருக்கும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரிந்த ஆட்களாகக் கூட்டி வாருங்கள் என்று பேக்கரிக்காரர் கேட்கிறார். நீ அதற்கு லாயக்கில்லை. கூட்டமெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு, ஒரு நிமிஷம் கழித்து, தனியாகச் சிரிப்பவள் நீ. ஆனாலும் வா.

உன் வீட்டுக்காரன்


மே 26

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, வேறு யாரோ எழுதியதோ என்ற சந்தேகத்தில்.

சுண்டைக்காய் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. அம்மா மடியில் கிடந்து கொட்டாவி விடுகிறது. புது வார்டில் பன்னிரண்டு பெட்டிகள் என்றார் பெரிய டாக்டர். பத்துக்கு மேல் வைத்தால் நடுவில் நர்ஸ் நடக்க முடியாது என்று நான் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார். உங்கள் ஜாதி இல்லை. உங்களுக்கும் இப்போது ஜாதி மாறிவிட்டது போலிருக்கிறது.

பதினைந்தாம் தேதி எனக்கு டியூட்டி. வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஓய்வு கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கைப்பையிலேயே இருக்கிறது. கொடுப்பதா கிழிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சந்தோஷமாக இருப்பதாக எழுதுகிறீர்கள். எனக்காக அப்படி எழுதுகிறீர்களோ என்றும் தோன்றுகிறது. நேரில் பார்த்தால்தான் தெரியும்.


ஜூன் 17

கடைசி வரிசைக்கு,

நாடகம் அமோகம். கூடம் நிரம்பி, ஜன்னலில் எல்லாம் ஆட்கள். டாக்டர் ஜன்னலில் ஏற வேண்டிய காட்சியில் ஜன்னலில் இடமில்லை. "கொஞ்சம் நகருங்க, திருட வரணும்"ன்னு கேட்டு ஏறினார். அதற்கே கைதட்டல்.

நான் ஆறு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டேன்.

இரண்டாம் காட்சி. திருடன், "ஐயா, நான் எல்லாத்தையும் திருப்பி வச்சிடறேன், நீங்க பேசுறதை மட்டும் நிறுத்துங்க" என்கிறான். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியது. அடுத்த வசனத்துக்கு டாக்டர் மூக்கால் மூச்சை இழுத்தார். எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து, தனியாக, ஒரு நிமிஷம் தாமதமாக, அந்தச் சிரிப்பு வந்தது.

எனக்கு வசனம் மறந்துவிட்டது. கையிலே தாள் இருக்கிறது, கண்ணிலே புதுக் கண்ணாடி இருக்கிறது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. இன்னொரு தடவை சிரிப்பாயா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தவித்துப் போய்த் திரையைப் பார்த்து, "ஐயா, நீங்களாவது பேசுங்களேன்!" என்றார். அதுவும் வசனம் என்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்கள். தையல்கார அம்மா அந்த வரியை நாடகத்தில் சேர்த்துவிட்டார்.

திரை விழுந்ததும் ஓடி வந்து பார்த்தேன். கடைசி வரிசை காலி. ஸ்டேஷனுக்குப் போனேன். உன் வண்டியை அறிவித்தாயிற்று, அதுவும் போய்விட்டது. இப்போது மைக் பிடிக்கும் பையன் கொஞ்சம் வேகமாகத்தான் சொல்கிறான்.

எதற்கு வந்தாய், எதற்குச் சொல்லாமல் போனாய் என்று கேட்க மாட்டேன். என்னைப் பார்க்க வந்தாய். பார்த்துவிட்டாய் அல்லவா? நீ இல்லாமல் சாப்பாட்டு மேஜை பெரிதாகத்தான் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் தவிப்பு இல்லை. இரண்டு வருஷம் காத்திருக்க எனக்குத் தெரியும். வண்டி தாமதம் என்று நான் சொன்ன பிறகு பிளாட்பாரத்தில் அத்தனை பேர் காத்திருக்கவில்லையா?

விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு.

இரண்டாம் தடவை சொல்லவில்லை, கவனி.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 1

என் அன்பானவருக்கு,

கிழித்தேன். பெரிய டாக்டரிடம் சரி என்று சொல்லியாயிற்று. நாளை முதல் புது வார்டில் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுண்டைக்காய் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது என் விரலை விடவில்லை, அவள் அம்மாவும் நானுமாகப் பிரித்தோம்.

எதற்குச் சொல்லாமல் வந்தேன் என்று நீங்கள் கேட்காததால் சொல்கிறேன். குழந்தை நன்றாகத் தூங்குகிறதா என்று பார்க்க நாங்கள் உள்ளே போக மாட்டோம். போனால் விழித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அப்படித்தான் வந்தேன். டியூட்டியை இன்னொரு சிஸ்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னைப் பார்த்தால் உங்கள் முகம் மாறும், உங்கள் முகம் மாறினால் என் மனசு மாறும். அதனால்தான் வண்டிக்கு ஓடினேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வருத்தத்தில் இல்லை.

திரைக்குக் கீழே உங்கள் செருப்பும் காலும் தெரிந்தது தெரியுமா? பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. நம் கல்யாணத்தன்றுகூட அது அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. அந்த விரலைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. நாடகத்துக்கு இல்லை. பேக்கரிக்காரரிடம் சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தேன். அறிவிப்பு வருமென்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. "யாரு?" என்றேன். அந்தப் பக்கம் பாதி மூச்சில், நெஞ்சுக்கு இறங்கின குரலில், "சொல்லு" என்றீர்கள்.

அவ்வளவுதான். நான் ஆரம்பித்தேன். வார்டு, வெள்ளையடிப்பு, அறைத்தோழியின் குறட்டை, என் முழங்கால் வலி, சின்ன வயதில் எனக்குப் பாட்டு கற்றுக்கொள்ள ஆசை இருந்தது, எல்லாம் சொன்னேன். நடுவில் நான் நின்ற இடத்திலெல்லாம் நீங்கள் ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தீர்கள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் போனை வைத்தேன்.

வார்டுக்குப் பாதி வழி நடந்த பிறகுதான் உறைத்தது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பாட்டுக்குப் பேசிவிட்டு, நானே வைத்துவிட்டேன். டொக்.

அதனால் கடிதத்தை நிறுத்திவிடாதீர்கள். உடனே எழுதுங்கள். இப்போது உங்கள் முறை.

உங்கள் எதிர்ப்பக்கம்